மூவறை வீடு இருக்கிறது, கையில் காசு இல்லை: 65 தாண்டியவர்களுக்கு எது சரி?

#1 தோபாயோ_திண்ணை

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே இழையில் போட்டு வைப்போம், பிறகு சுட்டி கொடுத்தால் போதும்.

மாதிரிக்கு ஒரு நிலைமை. கணவருக்கு 71, மனைவிக்கு 66. மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு, இருவர் பெயரிலும். வீட்டுக்கடன் அடைந்துவிட்டது. 99 ஆண்டுக் குத்தகை தொடங்கியது 1978. மசேநி (மத்திய சேமநிதி) ஓய்வுக்காலக் கணக்கில் கணவருக்கு 18,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அந்த அம்மாவுக்கு 9,000. வேலை வருமானம் கிடையாது. பிள்ளைகள் கொடுப்பது மாதத்துக்கு மாதம் மாறும்.

பொதுவாகச் சொல்லப்படும் வழிகள்: ஓர் அறையை வாடகைக்கு விடுவது, லீஸ் பைபேக் (குத்தகையின் ஒரு பகுதியை வீவகவிடமே விற்பது), விற்றுவிட்டு ஈரறை ஃபிளெக்சி (மூத்தோர் குறுகிய குத்தகையிலும் வாங்கக்கூடிய சிறிய வீவக வீடு), விற்றுவிட்டு வீவக வாடகை வீடு. கணக்கு தெரிந்தவர்கள் எழுதுங்கள். "எங்க மாமா என்ன பண்ணாருன்னா" வகை வேண்டாம், எண்கள் வேண்டும்.

#2 குத்தகைக்கணக்கு

கடைசி வழியை முதலில் வெட்டிவிடுகிறேன். "வீட்டை வித்துட்டா காசு வரும், அப்புறம் மாசம் 30 வெள்ளிக்கு வாடகை வீடு" என்று காப்பிக்கடையில் சொல்வார்கள். இதில் மூன்று பிழை.

ஒன்று, வீடு விற்ற 30 மாதத்துக்குள் வாடகை வீட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. இரண்டு, 26 முதல் 33 வெள்ளி என்பது ஓரறைக்கு, குடும்ப வருமானம் 800 வெள்ளிக்குள் இருக்கும் முதல்முறை விண்ணப்பதாரருக்கு. மானிய வீட்டை ஏற்கெனவே வாங்கி விற்றவர் இரண்டாம் முறைக்காரர். அவருக்கு அதே ஓரறை 90 முதல் 123 வெள்ளி. மூன்று, விற்ற பணமும், பெற்றோரைத் தம்முடன் வைத்துக்கொள்ளும் வசதி பிள்ளைகளுக்கு இருக்கிறதா என்பதும் பார்க்கப்படும். வாடகை வீடு வேறு போக்கிடம் இல்லாதவர்களுக்கு. சொந்தக் கூரை இருப்பவர் அதை நம்பி விற்கக் கூடாது.

ஆக மிச்சம் மூன்று வழி.

#3 குத்தகைக்கணக்கு

லீஸ் பைபேக். வீட்டை விட்டு எங்கும் போகவேண்டாம். குத்தகையின் வால்பகுதியை மட்டும் வீவக வாங்கிக்கொள்கிறது. உரிமையாளர்கள் எல்லாருக்கும் 65 ஆகியிருக்க வேண்டும், ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும், அந்த வீட்டில் 5 ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் மாதம் 14,000 வெள்ளிக்குள், வேறு சொத்து இருக்கக் கூடாது. இதெல்லாம் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

பிரச்சினை இங்கே: விற்பதற்குக் குறைந்தது 20 ஆண்டுக் குத்தகை இருக்க வேண்டும். நீங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய ஆண்டுகள், உரிமையாளர்களில் இளையவரின் வயதைப் பொறுத்தது.

65–69: 30 ஆண்டு
70–74: 25 ஆண்டு
75–79: 20 ஆண்டு
80க்கு மேல்: 15 ஆண்டு

இவை குறைந்தபட்சம். கூட 20ஐச் சேர்த்தால் முறையே 50, 45, 40, 35 ஆண்டு மீதம் இருந்தால்தான் கதவு திறக்கும்.

மாதிரித் தம்பதியில் இளையவர் மனைவி, 66. 1978இல் தொடங்கிய குத்தகைக்கு 2026இல் மீதம் 51. இப்போது முடியும். அடுத்த ஆண்டு 67 வயது, மீதம் 50, அப்போதும் முடியும். 68இல் மீதம் 49, முடியாது. 69இலும் முடியாது. 70 ஆனதும் மீதம் 47, தேவை 45, மறுபடி திறக்கும். 72 வரை திறந்திருந்து 73இல் மூடும். 75இல் மறுபடி திறக்கும். இதை முகவர் யாரும் சொல்வதில்லை. சொல்ல அவருக்குக் கமிஷனும் இல்லை.

#4 மாடிப்படி

அப்போ 65 வயசுல 49 வருஷம்தான் மீதம் இருக்கு, ஒரு வருஷம் குறையுதுன்னா, 70 வரைக்கும் பொறுத்தா சரியாயிடுமா?

#5 குத்தகைக்கணக்கு

ஆகாது. இதைத்தான் பலர் தப்பாக நினைத்துக் காத்திருக்கிறார்கள். ஐந்து ஆண்டில் தேவை ஐந்து குறையும், குத்தகையும் அதே ஐந்து குறையும். 65இல் 49, தேவை 50. 70இல் 44, தேவை 45. 75இல் 39, தேவை 40. 80இல் 34, தேவை 35. எப்போதும் அந்த ஒரு ஆண்டு குறையும். 80க்குப் பிறகு தேவை இறங்காது, குத்தகை மட்டும் கரையும்.

65ஆம் வயதில் 50 இல்லாத வீட்டுக்கு லீஸ் பைபேக் என்றைக்குமே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதோடு குத்தகைத் தொடக்க ஆண்டையும் பார்க்க வேண்டும். அது வீவக இணையப்பக்கத்தில் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளக் கணக்கு) மூலம் உள்ளே போனால் தெரியும். கட்டடம் கட்டிய ஆண்டும் குத்தகை தொடங்கிய ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஊகித்துக் கணக்குப் போடாதீர்கள்.

#6 வெள்ளிக்காசு

தகுதி சரி. பணம் எங்கே போகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கையெழுத்துப் போட்ட பிறகு வரும் கோபம் எல்லாம் இதில்தான்.

மாதிரித் தம்பதி 30 ஆண்டு வைத்துக்கொண்டு 21 ஆண்டை விற்கிறார்கள். அந்த 21, குத்தகையின் கடைசி 21. இன்றிலிருந்து 30 ஆண்டு கழித்துத் தொடங்குவது. அதனால் 51இல் 21 என்று ஐந்தில் இரண்டு பங்கு விலை கிடைக்காது, அதைவிட வெகுவாகக் குறையும். ஒரு பேச்சுக்கு 80,000 வெள்ளி என்று வைப்போம். வீவக நியமிக்கும் மதிப்பீட்டாளர்தான் உண்மையான தொகையைச் சொல்வார்.

ஆளுக்குப் பாதி, 40,000. இரண்டு உரிமையாளர் என்பதால் ஒவ்வொருவரும் தம் பங்கை அடிப்படை ஓய்வுக்காலத் தொகை (மசேநி ஆண்டுதோறும் வைக்கும் அளவு) வரை மசேநி ஓய்வுக்காலக் கணக்கில் போட வேண்டும். தனி உரிமையாளர் என்றால் முழு ஓய்வுக்காலத் தொகை வரை, அதாவது இரு மடங்கு. 2026க்கான அடிப்படைத் தொகை 110,200. அவருக்கு 18,000 கூட்டல் 40,000, மொத்தம் 58,000. அம்மாவுக்கு 49,000. இருவருமே அந்த அளவுக்குக் கீழே. ஆக 80,000 முழுவதும் கணக்குக்குள் போய்விடும்.

கைக்கு ரொக்கமாக வருவது போனஸ் மட்டும். மூவறையும் அதற்குச் சிறியதும் என்றால் அதிகபட்சம் 30,000 வெள்ளி, நாலறைக்கு 15,000, ஐந்தறைக்கும் மேலும் 7,500. முழு போனஸ் வாங்கக் குடும்பமாக 60,000 கணக்கில் போட்டிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் மூவறைக்கு 2 வெள்ளிக்கு 1 வெள்ளி, நாலறைக்கு 4க்கு 1, ஐந்தறைக்கு 8க்கு 1. இவர்கள் 80,000 போடுவதால் 30,000 முழுசாக வரும்.

கணக்கில் 60,000 எட்டினால், 80 வயதுக்குள் இருப்பவர் மசேநியின் சிபிஎஃப் லைஃப் திட்டத்தில் சேர்க்கப்படுவார், ஆயுள் முழுவதும் மாதத் தொகை வரும். இவர்கள் இருவரும் அதற்குக் கீழே. அப்படியே விட்டால் கணக்கு தீரும்வரைதான் வரும். 58,000 வைத்திருப்பவர் 2,000 சேர்த்து லைஃபுக்குள் நுழைவதா என்று போனஸ் வந்த கையோடு மசேநியில் கேட்பது நல்லது.

#7 ஈசூன்_வாசகி

எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் அவ்வளவு பிரியம் இல்லை. 80,000 கணக்குக்குள், 30,000 கையில். அதே வீட்டை முழுசாக விற்றால்? ஒரு பேச்சுக்கு 370,000 என்று வைப்போம். மனைவிக்கு 66, 95 வயது வரை குத்தகை தாங்க வேண்டும், ஆக 29. ஐந்தின் மடங்காக 30 ஆண்டுக் குத்தகை ஈரறை ஃபிளெக்சி. அது 100,000 என்றே வைத்தாலும் மிச்சம் 270,000. அதோடு சில்வர் ஹவுசிங் போனஸ்: விற்ற பணத்தில் ஒரு பகுதியை ஓய்வுக்காலக் கணக்கில் போட்டால் ரொக்கமும் வரும். வித்தியாசம் எவ்வளவு பாருங்கள்.

சில்வர் சப்போர்ட்டும் (வருமானம் குறைந்த மூத்தோருக்கு அரசு தரும் காலாண்டுத் தொகை) வீட்டின் அளவைப் பார்க்கும். 2025 முதல் காலாண்டுக்கு ஓரறை, ஈரறைவாசிக்கு 1,080 வெள்ளி, மூவறைக்கு 860. வீட்டில் தலைக்கு மாத வருமானம் 1,500க்குள் இருந்தால் இந்தத் தொகை, 1,500 தாண்டி 2,300க்குள் என்றால் பாதி. இருவருக்கும் தகுதி இருந்தால் ஈரறைக்குப் போவதாலேயே ஆண்டுக்கு 1,760 வெள்ளி கூடும். லீஸ் பைபேக் செய்தால் வீடு மூவறையாகவே இருக்கும், இது மாறாது.

#8 குத்தகைக்கணக்கு

எண்ணில் உங்கள் பக்கம்தான். ஆனால் 370,000 முழுவதும் கையில் வராது. அந்த வீட்டுக்கு மசேநியிலிருந்து எடுத்த அசலும் அதற்கு 2.5 விழுக்காடு வட்டியும் முதலில் மசேநிக்குத் திரும்பும். 55 தாண்டியவருக்கு அது முழு ஓய்வுக்காலத் தொகை வரை ஓய்வுக்காலக் கணக்கில் உட்காரும். 1980களில் வாங்கிய வீட்டுக்கு வட்டி எத்தனை ஆண்டு ஏறியிருக்கும்! விற்பதற்கு முன் மசேநி இணையப்பக்கத்தில் "சொத்துக்கு எடுத்த தொகை" என்ன என்று பாருங்கள். இது தெரியாமல் விற்றுவிட்டு, "என் காசு எங்கே" என்று மசேநி அலுவலகத்தில் நிற்பவர்கள் உண்டு. காசு காணாமல் போகவில்லை, மாதாமாதம் வரும். ஆனால் மொத்தமாக வராது.

எண்பதை நெருங்குகிறவருக்குப் பேட்டை மாறுவது சாதாரண விஷயமல்ல. கோயில், மருந்தகம், காலையில் உட்காரும் பெஞ்சு, இதற்கெல்லாம் மதிப்பீட்டாளர் விலை போடமாட்டார்.

#9 ஈசூன்_வாசகி

அதை மறுக்கவில்லை. விற்பதென்றால் வரிசை முக்கியம் என்று மட்டும் சொல்கிறேன். முதலில் வாங்குங்கள், பிறகு விற்பனை. தலைகீழாகச் செய்தவர்கள் சந்தை வாடகை கட்டியே கரைகிறார்கள்.

எப்படி என்றால்: ஃபிளெக்சிக்கு விண்ணப்பிக்கும்போது பழைய வீட்டை வைத்துக்கொண்டே விண்ணப்பிக்கலாம். புது வீட்டுச் சாவி வாங்கிய 6 மாதத்துக்குள் பழையதை விற்றால் போதும். 55 தாண்டியவர் மூவறை அல்லது சிறிய புது வீட்டுக்குப் போகும்போது முன்பணத்தைச் சாவி வாங்கும் நாள் வரை தள்ளிப்போடும் ஏற்பாடும் உண்டு. ஒப்பந்தம் போடும் அன்று முத்திரைத் தீர்வையும் வழக்கறிஞர் கட்டணமும் மட்டும் கட்டினால் போதும். அதை நாமே கேட்டு வாங்க வேண்டும்.

சிக்கும் இடம் சாவி நாள். குறுகிய குத்தகை ஃபிளெக்சிக்கு வீட்டுக்கடன் கிடையாது, முழுத்தொகையும் மசேநி அல்லது ரொக்கம். பழைய வீடு இன்னும் விற்கவில்லை என்றால் பணம் எங்கிருந்து வரும்? விற்பனைப் பணத்தை எதிர்பார்த்திருப்பவர்களுக்கு வீவக தற்காலிகக் கடன் தருகிறது. தகுதி உண்டா என்று சாவிக் கடிதம் வருமுன்பே கேட்டு வையுங்கள்.

புதிதாகக் கட்டும் வீட்டுக்கு மூன்று நான்கு ஆண்டு ஆகும். 75 தாண்டியவருக்கு நான் எஞ்சிய வீடுகள் விற்பனையைப் பார்க்கச் சொல்வேன். அதில் கட்டி முடித்த வீடும் வரும்.

#10 மாடிப்படி

99 வருஷக் குத்தகையில ஈரறை வாங்கினா பிள்ளைகளுக்காவது போகுமே?

#11 வெள்ளிக்காசு

போகும். ஆனால் மானியத்தில் வாங்கிய மூவறையை விற்றவர் 99 ஆண்டுப் புது வீடு எடுத்தால் மறுவிற்பனைத் தீர்வை (இரண்டாம் முறை மானிய வீடு வாங்குகிறவர் வீவகவுக்குக் கட்டுவது) 30,000 வெள்ளி, தனியர் என்றால் பாதி. குறுகிய குத்தகை எடுக்கும் மூத்தோருக்கு அது இல்லை. வருமான வரம்பும் வேறு: குறுகிய குத்தகைக்கு 14,000, ஈரறை 99 ஆண்டுக்கு 7,000.

குறுகிய குத்தகை வீட்டைச் சந்தையில் விற்கவோ முழுசாக வாடகைக்கு விடவோ முடியாது. வேண்டாம் என்றால் வீவகவிடம் திருப்பிக் கொடுத்து மீதக் குத்தகையின் மதிப்பை வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு விட்டுப்போக வேண்டும் என்ற எண்ணத்தில் பெற்றோர் அரைவயிற்றோடு இருப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அது என் கட்சி.

இன்னொன்று, பணம் ஓய்வுக்காலக் கணக்குக்குள் போய்விட்டால் உயில் அதைத் தொடாது. மசேநி நியமனம் தனியாகச் செய்ய வேண்டும். பழைய நியமனத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

#12 புளோக்_பார்வையாளர்

யாரும் தொடாத விஷயம்: இன ஒருங்கிணைப்புக் கொள்கை. நம்மவர்கள் விற்கும்போது இது விலையிலேயே தெரியும்.

1989 முதல் இருக்கும் விதி: ஓர் இனத்தவரின் வீடுகள் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. புளோக் அளவில் சீனருக்கு 87 விழுக்காடு, மலாய்க்காரருக்கு 25, இந்தியருக்கும் மற்றவருக்கும் 15. அக்கம்பக்க அளவில் 84, 22, 12. ஒரே இனத்தவருக்குள் விற்பனை எப்போதும் நடக்கலாம். ஆனால் உங்கள் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருந்தால், சீனர் உங்களிடமிருந்து வாங்க முடியாது. வாங்குபவர் கூட்டத்தில் பெரும்பகுதி அப்படியே கழன்றுவிடும். பக்கத்து வீட்டுச் சீனர் விற்ற விலையைக் காட்டி "எனக்கும் இதே கிடைக்கும்" என்று கணக்குப் போட்டால் மோசம் போவீர்கள்.

வரம்பு நிலவரம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மாறும், வீவக இணையப்பக்கத்தில் பார்க்கலாம். முகவரோடு ஒப்பந்தம் போடும் முன்பு பாருங்கள். இந்த விதியால் விற்கவே முடியாமல் தவிப்பவர்களிடமிருந்து வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் வந்தது, வீட்டை 10 ஆண்டாவது வைத்திருக்க வேண்டும். அது கடைசிப் புகலிடம், நல்ல விலைக்கு வழி என்று எண்ண வேண்டாம்.

ஈசூன்_வாசகி சொன்ன 370,000 இப்படிப்பட்ட புளோக்கில் இறங்கிவிடும். லீஸ் பைபேக்கில் வாங்குபவர் வீவக, இந்த வரம்பு குறுக்கே வராது. அந்த இடத்தில் தராசு சாயலாம்.

#13 ஈசூன்_வாசகி

இதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, சரிதான். எந்த புளோக் என்று தெரியாமல் என் எண்ணை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

#14 பத்திரம்_படிப்பவர்

கையெழுத்து விஷயம். லீஸ் பைபேக்கோ விற்பனையோ, எல்லா உரிமையாளரும் கையெழுத்திட வேண்டும். இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

ஒன்று, மகன் பெயர். அந்தக் காலத்தில் கடன் கிடைக்க மகனையும் உரிமையாளராகச் சேர்த்திருப்பார்கள். மகனுக்கு 42 என்றால் லீஸ் பைபேக் கிடையாது, எல்லாருக்கும் 65 ஆக வேண்டும். "பெயரை எடுத்துடலாம்" என்பது 2016 ஏப்ரலுக்குப் பிறகு நினைத்தபடி நடக்காது. திருமணம், மணமுறிவு, இறப்பு, பண நெருக்கடி, குடியுரிமை துறப்பு, மருத்துவக் காரணம், இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். வெறும் குடியிருப்போராகப் பதிந்திருந்தால் சிக்கல் இல்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பலருக்குத் தெரியாது, ஆவணத்தை எடுத்துப் பாருங்கள்.

இரண்டு, மறதி நோய். ஒருவருக்கு மனத்திறன் போய்விட்டால் மற்றவர் தனியாக எதுவும் செய்ய முடியாது. முன்பே எல்பிஏ, அதாவது நீடித்த அதிகாரப் பத்திரம், போட்டிருந்தால் பொறுப்பாளர் கையெழுத்திடலாம். இல்லையென்றால் நீதிமன்றத்துக்குப் போய்ப் பொறுப்பாளரை நியமிக்கச் சொல்ல வேண்டும். காலமும் பணமும் போகும். எல்பிஏ படிவத்தில், நீதிமன்ற அனுமதியின்றி வீட்டை விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்தும் ஒரு தேர்வு இருக்கிறது. பாதுகாப்பு என்று நினைத்து அதைக் குறியிட்டவர்கள் பின்னால் அதே நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும். தெரிந்து குறியிடுங்கள்.

#15 மாடிப்படி

பேட்டை மாற மனசில்லை, லீஸ் பைபேக்கும் கிடைக்காதுன்னா, அறையை வாடகைக்கு விடறது மட்டும்தானா?

#16 குத்தகைக்கணக்கு

மூவறையில் படுக்கையறை இரண்டு. ஒன்றில் நீங்கள், ஒன்றை விடலாம். ஈரறையில் அறை வாடகைக்கு விட அனுமதியே இல்லை, ஃபிளெக்சிக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். ஆள் குடிபுகும் முன் வீவக ஒப்புதல் வாங்க வேண்டும், வாடகைக்காலம் குறைந்தது 6 மாதம், நீங்களும் அங்கேயே குடியிருக்க வேண்டும். வீட்டுக்காரர் உட்பட மூவறையில் 6 பேருக்கு மேல் கூடாது.

அறையைப் பூட்டிவிட்டு மகள் வீட்டில் போய்த் தங்கினால் அது முழுவீட்டு வாடகை. அனுமதியின்றிச் செய்து பிடிபட்டால் வீடே போகலாம். லீஸ் பைபேக் செய்தவரும் அறையை விடலாம், அதற்குத் தடை இல்லை. அதனால் இவை இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பார்க்காமல் சேர்த்தே பார்க்கலாம்.

நடைமுறைத் தொல்லை குளியலறை. பழைய மூவறை வீடுகளில் குளியலறையும் கழிவறையும் சமையலறையை ஒட்டி இருக்கும், வாடகையாளரோடு பகிர வேண்டும். இரவில் மூன்று முறை எழுந்து போகிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

#17 ஈரத்தரை

குளியலறை பேச்சு வந்ததால். வீட்டிலேயே இருக்க முடிவு செய்தவர்கள் ஈஸ் திட்டத்துக்கு (மூத்தோர் வீட்டில் பாதுகாப்பு வசதிகள் அமைக்க மானியம்) விண்ணப்பியுங்கள். வீட்டில் 65 ஆனவர் இருந்தால் போதும். 60–64 என்றால் குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாடச் செயலில் ஒன்றுக்காவது உதவி தேவைப்பட வேண்டும். குடிமக்கள் மூவறை வரை செலவில் 5 விழுக்காடு கட்டினால் போதும், நாலறை 7.5, ஐந்தறை 10. வழுக்காத தரைப்பூச்சு, கைப்பிடிகள், வாசல் சாய்தளம் இவை அடிப்படை. 2024 ஏப்ரலிலிருந்து மடக்கும் குளியல் இருக்கை போன்றவையும் சேர்ந்துள்ளன.

பிழை எங்கே வரும்? கைப்பிடியை வேலையாள் வழக்கமான இடத்தில் அடித்துவிட்டுப் போவார். துளையிடும் முன் பயன்படுத்துகிறவரையே கழிவறையில் உட்கார்ந்து எழச்சொல்லி, கை இயல்பாகப் போகும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். பக்கவாதம் வந்தவருக்கு எந்தக் கை வலுவானதோ அந்தப் பக்கம். சுவர் ஓடுகளைத் தட்டிப் பாருங்கள், உள்ளே காலியாக ஒலிக்கும் இடத்தில் திருகு பிடிக்காது. பூச்சு போட்ட தரையில் சோப்புப் படலம் ஏறினால் வழுக்கும், அப்போது பூச்சைக் குறை சொல்வார்கள். வாரம் ஒருமுறை தேய்ப்பானால் தேய்த்துக் கழுவினாலே போதும்.

#18 தோபாயோ_திண்ணை

சமூகப் பராமரிப்பு வீடுகள் பற்றி யாராவது?

#19 வெள்ளிக்காசு

2021 பிப்ரவரியில் புக்கிட் பாத்தோக்கில் முதலில் விற்பனைக்கு வந்தது. 65 ஆனவர்களுக்கு, சுமார் 32 சதுர மீட்டர், குத்தகை 15 முதல் 35 ஆண்டு, இங்கேயும் 95 வயது வரை தாங்க வேண்டும். கைப்பிடி, அகலக் கதவு எல்லாம் முன்பே இருக்கும். வீட்டு விலை ஒன்று, பராமரிப்புச் சேவைத் தொகுப்பு இன்னொன்று. தொகுப்பைத் தவிர்க்க முடியாது. 24 மணி நேர அவசர அழைப்பு, சில்லறை ரிப்பேர், அடிப்படை உடல்நலப் பரிசோதனை, தளத்திலேயே ஒரு சமூக மேலாளர், இவை அதில் வரும்.

குளிப்பாட்டிவிட ஆள் வேண்டும் என்றால் அது கூடுதல் கட்டணம். தாதிமை இல்லம் என்று நினைத்து வாங்கக் கூடாது. தனியாக இருப்பவருக்கு நல்லது. மாதிரித் தம்பதியில் இருவரும் நடமாட்டத்தோடு இருப்பதால், அந்தத் தொகுப்புக்கு இப்போதே பணம் கட்டுவது வீண் என்பேன்.

#20 தோபாயோ_திண்ணை

மாதிரித் தம்பதிக்கு நான் குறித்துக்கொண்டது இந்த வரிசை. முதலில் ஆவணத்தில் உரிமையாளர் பெயர்கள். அடுத்து புளோக்கின் இன வரம்பு. பிறகு மசேநிக்குத் திரும்ப வேண்டிய தொகை. இந்த மூன்றும் தெரிந்த பிறகு வீவக கிளையில் நேரம் வாங்கி, லீஸ் பைபேக் மதிப்பையும் ஃபிளெக்சியையும் ஒரே சந்திப்பில் கேட்பது. முகவரை அதுவரை கூப்பிட வேண்டாம். சரியா, குத்தகைக்கணக்கு?

#21 குத்தகைக்கணக்கு

சரி. அம்மாவுக்கு 68 ஆகுமுன் இதை முடிக்க வேண்டும். தவறினால் 70 வரை லீஸ் பைபேக் மூடியிருக்கும், வீட்டை விற்காமல் இருப்பதென்றால் அந்த இரண்டு ஆண்டில் அறை வாடகை மட்டும்தான். எல்பிஏவை அதற்கும் முன்னால், இந்த மாதமே.

#22 மாடிப்படி

உரிமையாளர் பேர் பார்க்கச் சொன்னீங்க. எங்க புளோக்குல ரெண்டு வீட்டுப் பெரியவங்களுக்கு நாளைக்கே சிங்பாஸ் திறந்து காட்டறேன். குத்தகைத் தொடக்கத் தேதியும் அதுலயே வருமா?

#23 பத்திரம்_படிப்பவர்

அதே பக்கத்தில், வீட்டு விவரத்தின் கீழே வரும். அச்செடுத்துக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் சிங்பாஸ் கடவுச்சொல்லை மட்டும் நீங்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம்.